ரேழி யார் வீட்டுச் சொல்?

"தம்பி, ரேழி ரேழிங்காவளே, அது என்ன பாஷை? தமிழா, சமஸ்கிருதமா?"

கேட்டவர் புலவர் அல்லர், பட்டம் பெற்றவர் அல்லர், கொத்தனார். புளியங்குடியில் நமது படிப்பகத்துப் பெஞ்சில், விரல் இடுக்கில் சிமெண்டு ஒட்டிய கையோடு உட்கார்ந்திருந்தார். இரவு ஒன்பது மணி. எலுமிச்சை மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு வந்த தோழர்கள் இருவர், பீடிக் கடையில் கணக்கு எழுதிவிட்டு வந்தவர் ஒருவர், தறியை நிறுத்திவிட்டு வந்தவர் ஒருவர் என நாலைந்து பேர் நாளேடு புரட்டிக்கொண்டிருந்த நேரம். அரசியல் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். அகராதிக் கேள்வி வந்தது!

"எதற்குக் கேட்கிறீர்கள், அண்ணாச்சி?" என்றேன்.

"பக்கத்து ஊர் அக்கிரகாரத்திலே ஒரு பழைய வீடு, இடிக்கக் கொடுத்திருக்காவ. வீட்டுக்காரர் வெளிநாட்டிலே இருக்கார். போன்லே பேசினார். 'ரேழி நிலையை மட்டும் சேதாரம் இல்லாம எடுத்து வைங்க, தேக்கு'ன்னார். சரிங்கய்யான்னுட்டேன். போனை வச்சப்புறம் யோசிச்சா, ரேழின்னா வீட்டிலே எந்த இடம்னு எனக்குத் தெரியலே. முப்பது வருசமா வீடு கட்டுதேன் தம்பி. திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துது."

தோழர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டு வீடு கட்டியவர்! எத்தனை நிலை நிறுத்தியிருப்பார், எத்தனை வாசலுக்கு மட்டம் பார்த்திருப்பார்! அவருக்கு ஓர் அறையின் பெயர் தெரியவில்லை என்றால், குறை அவருடையதா? அந்த அறைக்குள் அவரையும் அவர் அப்பனையும் அவர் பாட்டனையும் விடாத ஊருடையதா? இந்தக் கேள்விக்குப் பிறகு வருவேன். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

நான் வாயைத் திறக்குமுன் தறித் தோழர் முந்திக்கொண்டார். இளைஞர், படிப்பு ஆர்வம் உள்ளவர். "இதில் என்ன சந்தேகம்? ரகரத்தில் தொடங்குகிறது. தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது. தொல்காப்பியமே அப்படிச் சொல்கிறது. அதுவும் அக்கிரகாரத்தில் புழங்குகிற சொல். வடசொல்லேதான்!" என்று தீர்ப்புக் கூறினார்.

அவர் சொன்ன சட்டம் சரி. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை எவை என்று தொல்காப்பியம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதில் டகரத்துக்கும் இடமில்லை, ரகரத்துக்கும் இடமில்லை. அதனால்தான் ராமன் நம் ஏட்டில் இராமன் ஆனான். ரங்கன் அரங்கன் ஆனான். ஆனால் சட்டம் சரியாக இருந்தும் தீர்ப்புத் தவறாகப் போவது நீதிமன்றத்தில் மட்டுமா நடக்கிறது?

"தோழரே, டீக்கு எவ்வளவு கொடுத்தீர், பாக்கி எவ்வளவு?" என்று கேட்டேன். பையைத் தடவிப் பார்த்து, "பாக்கி ரெண்டு ரூபாய்" என்றார். பிடித்துக்கொண்டேன். ரெண்டு ரூபாய்! இரண்டு சொல்லும் ரகரத்தில்தான் தொடங்குகின்றன. ரூபாய் வடக்கே இருந்து வந்த சொல். ரெண்டு? அது இரண்டு அல்லவா! எழுதும்போது இரண்டு, பேசும்போது ரெண்டு. தலையில் இருந்த இகரம் நாவில் தேய்ந்து உதிர்ந்துவிட்டது. ரகரத்தில் தொடங்குவதாலேயே ரெண்டை வடநாட்டுக்கு அனுப்பிவிடுவோமா?

ரேழியும் அப்படித் தலை உதிர்ந்த தமிழ்ச் சொல். அதன் முழுப் பெயர் இடைகழி.

இடை என்றால் நடு. கழிதல் என்றால் கடந்து போதல். பொழுது கழிந்தது, நாள் கழிந்தது என்கிறோமே, அந்தக் கழிதல். தெருவாசலுக்கும் வீட்டின் உள்கட்டுக்கும் நடுவே, கடந்து போவதற்காக விடப்பட்ட இடம் இடைகழி. வெள்ளைக்காரன் அதற்கு இணையாகக் காரிடார் என்கிறான். அந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் ஓடுதல் என்ற பொருளுடையது. அவன் ஓடினான், நாம் கடந்து போனோம். இன்னும் பல ஊர்களில் இதே இடத்துக்கு நடை என்று பெயர். "செருப்பை நடையிலே விட்டுட்டு வா" என்கிறார்களே, அந்த நடை. ஓடவும் இல்லை, கடக்கவும் இல்லை, நிதானமாக நடந்தார்கள்!

இடைகழி எப்படி ரேழி ஆயிற்று? இதற்குப் பேராசிரியர் வேண்டியதில்லை. நம் வீட்டுச் சமையற்கட்டே சாட்சி சொல்லும். அகப்பையை நம் பாட்டி எப்படிச் சொல்வாள்? ஆப்பை. நடுவில் இருந்த ககரம் கரைந்தது. அதன் இடத்தில் உயிர் நீண்டது. துகள் தூள் ஆனதும் அவ்வாறே. பெயர் பேர் ஆயிற்று, வியர்வை வேர்வை ஆயிற்று. அங்கே கரைந்தது யகரம். அந்த வழியிலேயே இடைகழியின் நடுவில் இருந்த ககரம் கரைந்து, டை நீண்டு டே ஆகி, இடேழி. பிறகு இரண்டு ரெண்டானது போலத் தலை இகரம் உதிர்ந்து, டேழி. டேழி என்றே சொல்வோரும் இருந்தனர். டகரத்தைச் சொல்ல மடங்கிய நாக்கு சற்றே முன்னே சறுக்கினால் ரகரம் பிறக்கும். ரேழி! முடிந்தது கதை.

தலையெழுத்து உதிர்வது நம் வீட்டுப் பழக்கம் மட்டும் அன்று, நம் குடும்பப் பழக்கம். அண்டை வீட்டுத் தெலுங்கைப் பாருங்கள். நம் உரல் அங்கே ரோலு. நம் உலக்கை அங்கே ரோகலி. நம் அவன் அங்கே வாடு. நம் இவன் அங்கே வீடு. (தெலுங்கர் "வீடு" என்றால் வீட்டைத் தேடாதீர்கள், "இவன்" என்று உம்மைத்தான் காட்டுகிறார்!) முதல் உயிர் போகிறது, அடுத்த உயிர் நீள்கிறது. அதே அச்சு, அதே வார்ப்பு. இந்த மொழிகள் ஒரு குடும்பம் என்று 1816ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எல்லிஸ் எழுதினார். 1856ஆம் ஆண்டில் அதை ஒப்பிலக்கணமாக விரித்து நூல் செய்தவர் கால்டுவெல். அவர் உட்கார்ந்து எழுதியது இலண்டனில் மட்டும் அன்று. வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தது நம் பழைய நெல்லை மாவட்டத்து இடையன்குடியில், பனங்காட்டு மண்ணில். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தது சும்மா இல்லை.

மலையாளத்தைக் கேளுங்கள், அங்கே இந்த வழிக்கு இடநாழி என்று பெயர். நம் கோயில்களில் கருவறைக்கு முன்னே உள்ள ஒடுங்கிய பகுதிக்குச் சிற்பிகள் இடைநாழிகை என்பர். எங்கே போனாலும் அந்த "இடை" கூடவே வருகிறது.

ஓர் எச்சரிக்கை. இடைகழி என்று எழுதும்போது ஒற்றுப் போட்டுவிடாதீர்கள். இடைக்கழி என்று எழுதினால் வீடு போய் நாடு வந்துவிடும்! செங்கற்பட்டுக் கடற்கரையில் இடைக்கழிநாடு என்றே ஊர் இருக்கிறது. அங்கே கழி என்பது உப்பங்கழி; கழிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நிலம். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் அந்த நாட்டு நல்லூர்க்காரர்.

இவ்வளவும் சொன்னதும் தறித் தோழர் விடவில்லை. கைப்பேசியில் எதையோ தேடிவிட்டு, "சமஸ்கிருதத்தில் தேஹளீ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கும் வாசற்படி, வாசல்நடை என்றுதான் பொருள் போட்டிருக்கிறது. அதிலிருந்து டேழி வந்திருக்கக் கூடாதா?" என்றார். நல்ல கேள்வி! எதிர்க்கட்சி வழக்கறிஞர் இப்படித்தான் இருக்க வேண்டும். டில்லி என்ற பெயருக்கே இந்தத் தேஹளிதான் மூலம், வடநாட்டுச் சமவெளிக்கு வாசற்படி என்பதால் வந்தது என்று சொல்வோரும் உண்டு. எனவே இது சிறிய வழக்கு அன்று. டில்லி வரை போகிற வழக்கு!

இதற்கு விடை வடக்கே, தென்பெண்ணை ஆற்றங்கரையில், திருக்கோவலூரில் இருக்கிறது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர்.

வைணவர் வழிவழியாகச் சொல்லும் கதை. கேட்டிருப்பீர்கள், கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சியில் பிறந்தவர் பொய்கை; மாமல்லையில் பிறந்தவர் பூதம்; மயிலையில் பிறந்தவர் பேய். (பேய் என்றதும் பயப்படாதீர்கள், பேயாழ்வார்.) ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஓர் இரவு, கொட்டும் மழை. பொய்கை ஓடிவந்து ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். படுக்கிறார். கதவு தட்டப்படுகிறது, பூதம் வருகிறார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம், உட்காருகிறார்கள். மறுபடியும் தட்டும் ஓசை, பேய் வருகிறார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம், நிற்கிறார்கள். நாலாவதாக ஒருவர் வந்து இருட்டில் நெருக்கினார், அவர் யார் என்று விளக்கேற்றிப் பார்த்தார்கள் என்று கதை போகும். அந்த நாலாமவரைப் பற்றி நமக்கு வழக்கு இல்லை, நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அந்த மூவர் போதும். வந்தவரிடம் "நீ யார், எந்த ஊர், என்ன குலம், எந்தத் தெரு?" என்று கேட்டதாகக் கதையில் இல்லை. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அந்த மூவரும் ஆளுக்கு நூறு பாடலாக அந்தாதி பாடினார்கள். அவர்களில் முதல்வரான பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதியிலேயே கோவலூர் இடைகழி என்று பெயர் சொல்லி வருகிறது. ரேழி என்றும் இல்லை, தேஹளி என்றும் இல்லை, இடைகழி! பல நூற்றாண்டு கழித்து, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் அதே ஊர்ப் பெருமாளைச் சமஸ்கிருதத்தில் பாட எண்ணினார். இடைகழிக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று பார்த்து, தேஹளீச ஸ்துதி என்று பெயரிட்டார். இடைகழி நாயகன் மீது துதி என்று பொருள். அந்த ஊரில் முந்தி நிற்பது எது? தமிழ்ப் பாட்டில் இருக்கும் இடைகழி. பிந்தி வந்தது எது? தேஹளி. பேரனைக் காட்டி இவனுக்குத்தான் பாட்டன் பிறந்தான் என்று சொல்லுவாருண்டா?

இன்னும் ஒரு சான்று உண்டு. அது சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ரேழியின் கடைசி எழுத்து என்ன? ழி. சமஸ்கிருதத்தில் ழகரம் கிடையாது. தேஹளியிலிருந்து வந்திருந்தால் ளகரம் ளகரமாகவே இருந்திருக்கும். தலை போயிற்று, நடு கரைந்தது, டகரம் ரகரமாயிற்று. இத்தனை அடிபட்டும் அந்த ழகரத்தை மட்டும் விடாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது அந்தச் சொல். காணாமற்போன பிள்ளை, சட்டை கிழிந்தாலும் கழுத்துத் தாயத்தை விடாமல் வந்தது போல!

இப்படிச் சொல்லின் பிறப்பைத் துருவும் ஆசை நம் பகுதிக்குப் புதிதன்று. புளியங்குடியிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் சங்கரன்கோவில். அந்த ஊரில் 1902ஆம் ஆண்டு பிறந்தவர் தேவநேயப் பாவாணர். எந்தத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் வேரைத் தோண்டாமல் விடமாட்டார். 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் இயக்குநராக அமர்த்தப்பட்டார். 1981 ஜனவரியில் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்துகொண்டிருந்தபோது பேசிவிட்டு வந்து நோயுற்று அங்கேயே மறைந்தார். கடைசி மூச்சு வரை சொல்! சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழகராதியை, தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டுகிறது என்று சீறி, தனிநூலே எழுதினார். அந்த அகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையும் நெல்லைச் சீமைக்காரர்தான்! ஊருக்குள்ளேயே சண்டை. ஆனால் ரேழி விஷயத்தில் சண்டை இல்லை. பல்கலைக்கழக அகராதியும் இடைகழியைத்தான் காட்டுகிறது.

பாவாணர் பக்கத்தில் நிற்பவன் நான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாச் சொல்லையும் தமிழாக்கிக் காட்ட வேண்டும் என்று நாம் தவிக்கவேண்டியதில்லை. சன்னல் போர்ச்சுகீசியன் தந்தது. சாவியும் அலமாரியும் மேசையும் அவன் கப்பலில் வந்தவையே. யாழ்ப்பாணத்தார் விறாந்தை என்பதும் நாம் வராந்தா என்பதும் அதே கப்பல். சன்னலுக்குக் காலதர் என்று ஓர் அருமையான பழைய சொல் நமக்கு இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. அதை நாமே விட்டோம். போர்ச்சுகீசியன் வந்து பிடுங்கவில்லை. வந்ததை வந்தது என்றும் இருந்ததை இருந்தது என்றும் சொல்கிறவன் பேச்சைத்தான் எதிரியும் கேட்பான்.

இப்போது கொத்தனார் அண்ணாச்சி இடிக்கிற அந்த அக்கிரகாரத்து வீட்டுக்குள், தெருவிலிருந்து கொல்லை வரை என்னோடு நடந்து வாருங்கள். முதலில் திண்ணை, திண்மை உடையது திண்ணை, உறுதியாகக் கட்டிய மேடை. அடுத்து வாசல், வாயில் என்பதன் திரிபு. வாயில் எது? இல்லின் வாய். இல்வாய் முன்பின்னாக மாறி வாயில் என நின்றது என்பர் இலக்கணத்தார். இல்லின் முன் உள்ள இடம் முன்றில் ஆனதும் அப்படியே. அதைத் தாண்டினால் ரேழி. ரேழியை ஒட்டிச் சிறிய அறை. அதற்கு ரேழி உள் என்பார்கள். அறைக்கு "உள்" என்று பெயர் வைத்திருக்கிற அழகைப் பாருங்கள்! பிறகு கூடம். இதன்மேல் மட்டும் புலவர்களுக்குள் வழக்கு உண்டு; கூடும் இடம் கூடம் என்பது நம் கட்சி. கூடத்தை ஒட்டி முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அப்பால் அடுக்களை. அடுதல் என்றால் சமைத்தல். கடைசியில் கொல்லை.

வேதம் ஓதிய வீடு அது. மந்திரமெல்லாம் வடமொழி, சடங்கெல்லாம் வடமொழி. வீடு முழுவதும் தமிழ்! மந்திரத்தை எந்த மொழியில் சொன்னாலும், மழைக்கு ஒதுங்குவதும் சோறு ஆக்குவதும் தமிழில்தானே நடந்தன. இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இடைகழி என்ற பழைய தமிழ்ச் சொல் பெரும்பாலான ஊர்களில் நம் நாவிலிருந்து போய்விட்டது. தேய்ந்த வடிவிலேனும் அதை நாள்தோறும் புழங்கிக் காத்து வந்தவர்கள் அந்த வீட்டுக்காரர்களே. கடன் கடன்தான்; அதை மறைக்க வேண்டியதில்லை.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? நெல்லைச் சீமையில் திண்ணைக்கு அடுத்தது தார்சா. அதற்கு உள்ளே பட்டாசல். பட்டகசாலை என்பதன் திரிபு. அதையே செட்டிநாட்டார் பட்டாலை என்பர். கன்னடத்தார் படசாலை என்பர். கொங்குநாட்டில் முன்கட்டுக்கு ஆசாரம். யாழ்ப்பாணத்தில் வருகிறவரை உட்கார வைக்கும் முன்கொட்டிலுக்குத் தலைவாசல். தார்சா என்ற சொல்லைத் தனியாக ஒரு நாள் குறுக்கு விசாரணை செய்வோம், இன்று நேரமில்லை.

ஏனென்றால், பிறகு வருவேன் என்று சொன்ன கேள்வி காத்திருக்கிறது. கொத்தனாருக்கு ஏன் ரேழி தெரியவில்லை?

வீட்டின் முன்பகுதிக்கு இத்தனை அடுக்குகள் ஏன்? வெயிலுக்கும் மழைக்கும் என்பீர்கள். உண்மைதான். தெருப் புழுதியும் உச்சி வெயிலும் நேரே உள்ளே வராமல் தடுக்கும் ஏற்பாடு அது; பழைய கொத்தன்மார் முட்டாள்கள் அல்லர். ஆனால் புழுதியை மட்டுமா தடுத்தது? இன்னார் தெருமுனை வரை. இன்னார் படிக்கல் வரை. இன்னார் திண்ணை வரை. இன்னார் ரேழி வரை. கூடத்துக்குள் தம்மவர் மட்டும். அளவுகோல் வைத்து நிறுத்தினார்கள். சுவர் எழுப்பும்போது உள்ளே போகலாம்; சுவர் எழும்பிப் பால் காய்ச்சிய பிறகு போகக்கூடாது. எழுப்பியவனுக்கு அறையின் பெயர் எப்படித் தெரியும்? பெயர் வைப்பதற்கு முன்பே அவனை வெளியே அனுப்பியாகிவிட்டதே!

சேரன்மாதேவியை நினைத்துப் பாருங்கள். நம் பழைய மாவட்டம்தான். நாட்டு விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தத் துணிந்த வ.வே.சு. ஐயர் 1922இல் அங்கே குருகுலம் தொடங்கினார். பொதுமக்கள் பணம், காங்கிரசின் பணம். ஆனால் சோற்றுப் பந்தியில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியிடம். 1924, 25ஆம் ஆண்டுகளில் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதை எதிர்த்து எழுப்பிய குரல் தமிழகத்தை உலுக்கியது. வெள்ளையனை வெளியே அனுப்பத் துணிந்தவருக்கு, ஒரு கோட்டை அழித்துப் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைக்கத் துணிவு வரவில்லை. கோடு சிறியது, அதைத் தாண்டுவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

இதைச் சொன்னால் நம் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். எனக்குத் தெரியும், மேடையில் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். கைதட்டி முடித்துவிட்டு, தோழர்களே, நம் வீட்டுத் தார்சாவைப் பாருங்கள்.

என் பாட்டன் கைத்தறிக்காரர். நெய்த துணியை முதலாளி வீட்டுக்குக் கொண்டு போனால், திண்ணைக்குக் கீழே தெருவில் நின்றபடி விலை பேசிவிட்டு வருவாராம். அதைச் சொல்லிச் சொல்லிக் குமுறுவார். நானும் அந்தக் குமுறலைப் பாலோடு குடித்தவன். அதே பாட்டன் வீட்டில், துணி வெளுக்கும் பெரியவர் ஒருவர் வருவார். என் பாட்டியைவிட மூத்தவர். பாட்டி பேரிட்டுக் கூப்பிடுவாள். தார்சா ஓரத்தில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் வந்து எடுத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்து உண்பார். பட்டாசலுக்குள் அவர் கால் பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. "தாத்தா ஏன் உள்ளே வரலே?" என்று கேட்டதற்குப் பாட்டி கொடுத்தது பதில் அன்று, முதுகில் ஓர் அடி. திண்ணைக்குக் கீழே நின்றவர் வீட்டிலேயே தார்சாவுக்குக் கீழே ஒருவர் நின்றார்! அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் இன்று படித்து வெளியூரில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஏன் வரவேண்டும்?

1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது விதி தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. கோயிலுக்கும் கிணற்றுக்கும் காப்பிக் கடைக்கும் சட்டம் உண்டு. என் வீட்டுத் தார்சாவுக்குச் சட்டம் போடப் போலீசு வராது. அங்கே நானேதான் சட்டம், நானேதான் போலீசு. தேர்தல் வந்தால் திண்ணைப் பிரசாரம் என்று தெருத்தெருவாகப் போகிறோம். எந்தத் தெருவிலும் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கிறோம். அந்தத் தெருக்காரர் திருப்பி நம் வீட்டுக்கு வந்தால் எதுவரை வருகிறார்? எண்ணிப் பார்த்ததுண்டா? சமத்துவம் பேசுகிற வாய்க்கும் சம்பந்தி வருகிற வாசலுக்கும் நடுவே நம்மில் பலர் வீட்டில் இன்னும் ஓர் இடைகழி இருக்கிறது. மழைக்கு ஒதுங்க அன்று, ஆளைப் பிரிக்க.

படிப்பகத்தில் இதை நான் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. லாரித் தோழர் பீடியை அணைத்தார். கொத்தனார்தான் முதலில் எழுந்தார். "அப்ப ரேழிங்கது வாசலுக்கும் பட்டாசலுக்கும் நடுவே இருக்க சந்து. அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் என்றேன். "நாளைக்கு வாங்க தம்பி, பார்த்துருவோம்."

மறுநாள் போனேன். ஓடுகளை இறக்கியிருந்தார்கள், கூடத்துக்கு மேலே வானம் தெரிந்தது. திண்ணையின் ஒரு பக்கம் போய்விட்டது. ரேழி மட்டும் முழுசாக நின்றது. இருபுறமும் சுவர், சுவரில் விளக்கு வைக்கும் மாடக்குழி, அதில் பல தலைமுறை எண்ணெய்க் கறுப்பு. சிறிய இடம்தான். திருக்கோவலூர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். கையாட்கள் நான்கு பேர் அதில் உட்கார்ந்து, கூடத்தைப் பார்த்துக் கால் நீட்டி, தூக்குச் சட்டியைத் திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

பிற்பகலில் உள்வாசல் நிலையைப் பெயர்த்தார்கள். நல்ல தேக்கு, பூ வேலை செய்த நெற்றிப் பலகை. சேதாரம் இல்லாமல் எடுத்து, சாக்கு விரித்துத் தெருவில் கிடத்தினார் கொத்தனார். பழைய நிலை வாங்குகிற வியாபாரி வந்தால் எது எந்த வாசல் என்று குழம்பாமல் இருக்க, எடுத்த நிலைகளுக்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் பெயர் எழுதி வைத்திருந்தார்: தெருவாசல், அடுக்களை, கொல்லை. இதன்மேல் நிதானமாக, எழுத்துக் கூட்டி, இடைகழி என்று எழுதினார்.

கையாள் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "இப்படி எழுதினா யாருக்கு வெளங்கும், மாமா?" என்று கட்டியை வாங்கி, பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு, ரேழி என்று சேர்த்தான்.